தாலுகா ஆபீஸ் மாடியில் நின்ற மழை

தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மேலதிகாரிகள் மிரட்டும்போது மனதில் எந்த ஊரை வைத்துக்கொண்டு மிரட்டுகிறார்களோ, அந்த ஊர்தான் நாவல்குறிச்சி. கருவேல மரமும் வெயிலும் தவிர வேறெதுவும் தானாக விளையாத அந்த ஊருக்கு, இருபது வருஷத்துக்கு முன்னால், எல்லா அரசுக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு இருந்தாக வேண்டும், நாளை மறுநாள் பார்க்க வருகிறோம் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. தாலுகா ஆபீஸ்காரர்கள் பைப்பு வேலை செய்யும் இருளப்பனைக் கூப்பிட்டு, மொட்டைமாடியிலிருந்து சுவரோரமாக ஒரு பைப்பை இறக்கி, அதன் முனையைத் தரையில் ஒரு சிமெண்ட் தொட்டிக்குள் நுழைத்து, தொட்டியைப் பூசி மூடி, நீலப் பெயிண்டில் 'மழைநீர் சேகரிப்புக் குழி, ஆழம் பத்தடி' என்று எழுதச் சொன்னார்கள். குழி எங்கே என்று இருளப்பன் கேட்டான். நீ எழுதுப்பா, குழி பின்னால் வரும் என்றார்கள். எழுதினான். தொட்டிக்குக் கீழே கடப்பாரை படாத கெட்டி மண்தான் இருந்தது.

அன்றிலிருந்து வருஷம் தவறாமல் புரட்டாசிக் கடைசியில் ஒரு சடங்கு நடக்கும். பருவமழைக்கு முன்னால் குழியைத் தூர்வாரிவிட்டோம் என்று மேலே படம் அனுப்ப வேண்டுமல்லவா? அதற்காக இருளப்பனை வரவழைத்து, கையில் மண்வெட்டியைக் கொடுத்து, தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கச் சொல்வார்கள். பின்னால் ஒரு கிளார்க் மண் அள்ளுகிற பாண்டுச் சட்டியோடு நிற்பார், இன்னொரு கிளார்க் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஏன் வானத்தைப் பார்க்கிறார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, முதல் வருஷம் ஒருத்தர் அப்படி நின்றார், அதனால் நின்றுகொண்டே வந்தார்கள். படம் பிடித்ததும் டீயும் உளுந்துவடையும் வரும். முதல் படத்தில் இருளப்பனுக்குக் கறுப்பு மீசை, கடைசிப் படத்தில் வெள்ளை மீசை. மண்வெட்டியில் மட்டும் இருபது படத்திலும் ஒரு பொட்டு மண் ஒட்டியதில்லை. வேலை சுத்தம் என்று ஊரே பெயர் சொல்கிற கைக்காரனுக்கு அது உள்ளுக்குள் கூசத்தான் செய்தது. ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்லிக்கொண்டு வடையைத் தின்றான்.

இந்த வருஷம் வடை தின்ற வாரத்திலேயே அதே ஆபீஸிலிருந்து அவன் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இருளப்பனும் அவன் பெண்சாதி பஞ்சவர்ணமும் குடியிருப்பது ஊருணித்தெருவில். முப்பத்தோரு வீடு. அந்த இடத்தில் ஒரு காலத்தில் ஊர் குடிக்கிற ஊருணி இருந்ததாம்; இருளப்பனுடைய அப்பாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே அது வற்றி, வெடித்து, பந்து விளையாடுகிற பொட்டலாகி, கடைசியில் தெருவாகிவிட்டது. ஆனால் பதிவேட்டில் அது இன்னும் ஊருணி, நீர்நிலை, ஆக்கிரமிப்பு, கார்த்திகை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். தெருவே திரண்டு போய், இங்கே எங்கே ஐயா நீர் நிற்கிறது, குடிக்கிற தண்ணீருக்கே லாரியைப் பார்த்து நிற்கிறோம், பதிவேட்டில் நத்தம் என்று மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டது. நத்தம் என்றால் குடியிருக்க வீடு கட்டிக்கொள்ளலாம் என்று அரசாங்கமே ஒத்துக்கொள்கிற மண். தாசில்தார் குணாளன் நல்ல மனுஷன், எதையும் சிரித்துக்கொண்டுதான் மறுப்பார். நீர்நிலை என்று ஒருமுறை எழுதிவிட்டால் அதை மாற்ற ஆண்டவனே வந்தாலும் முடியாது என்று சிரித்தார்.

ஐப்பசி நாலாம் தேதி மழை இறங்கியது. ஊரெல்லாம் பெய்து ஊரெல்லாம் ஓடியது, பஸ் ஸ்டாண்டில் குட்டை கட்டியது, வழக்கம்போல ஒரு மணி நேரத்தில் கடலைப் பார்க்கப் போய்விட்டது. தாலுகா ஆபீஸ் மொட்டைமாடியில் பெய்த மழை மட்டும் போகவில்லை. பைப்பின் வாய் திறந்துதான் கிடந்தது, அதில் இறங்கவில்லை. முழங்கால் உயரக் கைப்பிடிச்சுவரைத் தாண்டிய பிறகும் வழியவில்லை. வெட்டி வைத்த பனிக்கட்டி போல நாலு பக்கமும் நேராக நின்றுகொண்டு, பெய்யப் பெய்ய உயர்ந்தது. முதல் நாள் இடுப்பளவு, மூன்றாம் நாள் ஆளுயரம், பத்தாம் நாள் இரண்டாள் உயரம். வாளியை விட்டு மோந்தால் வாளி காய்ந்து வந்தது. மோட்டார் வைத்து இரண்டு நாள் இறைத்தார்கள், இரண்டு நாளும் காற்றுதான் வந்தது. இளவட்டங்கள் குதித்து நீந்திவிட்டு, சட்டை நனையாமல், வகிடு கலையாமல் இறங்கி வந்தார்கள்.

நாவல்குறிச்சிக்காரர்கள் முதல் நாள் அண்ணாந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள், மூன்றாம் நாள் அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு அவித்த கடலை விற்றார்கள். தண்ணீருக்குள் கெண்டைமீன் வந்தது, எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, கொக்கு வந்ததும் மீன் எதற்கு வந்தது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது என்று விட்டுவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பச்சை வெளிச்சம் அலையலையாக ஃபைல்களின் மேல் ஓடியது. உள்ளே அப்படி ஒரு குளிர்ச்சி. ஐப்பசி வெக்கையில் கிளார்க்குகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதியோர் பென்ஷனுக்கு மாதக்கணக்கில் அலைந்த கிழவிகள், இன்று போய் நாளை வா என்றால் சரி சாமி என்று சந்தோஷமாகப் போய் நாளைக்கும் வந்தார்கள், வீட்டைவிட இங்கே நிழல் நன்றாயிருக்கிறது என்றார்கள்; அதனால் ஏற்கனவே நகராத ஆபீஸ் சுத்தமாக நின்றது. பைப்பில் மஞ்சள் துணி கட்டி வேண்டிக்கொண்டார்கள். பைப்பு போட்டது எங்கள் ஆட்சியில் என்று ஒரு கட்சியும், மழை பெய்தது எங்கள் ஆட்சியில் என்று இன்னொரு கட்சியும் எதிரெதிரே பேனர் கட்டின. மாவட்டத்திலேயே அதிக மழைநீரைச் சேகரித்த பொதுக்கட்டடம் என்று தாசில்தாருக்குக் கேடயம் கொடுத்தார்கள், அதை அவர் மேஜைமேல் தண்ணீர் வெளிச்சம் படுகிற இடமாகப் பார்த்து வைத்தார்.

ஊரில் அண்ணாந்து பார்க்காதவன் இருளப்பன் ஒருவன்தான். மழை எதற்காக நிற்கிறது என்பது அவனுக்குத் தெரியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது மனுஷனுக்கும் போன வருஷங்களில் வழிந்தோடிய மழைகளுக்கும் தெரிந்த விஷயம், இந்த மழைக்குத் தெரியவில்லை. தொட்டியில் நீலப் பெயிண்டில் எழுதியிருந்ததை அது படித்து, நம்பி, அந்தப் பத்தடிக் குழியை யாராவது காட்டினால் இறங்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தது. விருந்தாளியை வாசலில் உட்காரவைத்துவிட்டு அடுப்பில் உலை வைக்காதவன் போல அவன் குன்றிப்போனான். அந்த வழியாகப் போவதையே விட்டு, சைக்கிளில் ஊரைச் சுற்றிப் போனான்.

கார்த்திகை பிறந்ததும் போகாமல் இருக்க முடியவில்லை. இன்னும் ஆறு மாசம் அவகாசம் கேட்டு ஒரு மனு எழுதலாம் என்று ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடிக்குப் போனான். அங்கே முப்பது வருஷமாக மடக்குமேஜை போட்டு மனு எழுதுகிறவர் ஹபீபுல்லா. உள்ளே இருக்கிற எல்லா அதிகாரிகளையும்விடச் சட்டம் தெரிந்தவர், அதனாலேயே வெளியே இருப்பவர். அவர் இருளப்பனின் நோட்டீஸை வாங்கிப் படித்தார், அண்ணாந்து மாடியைப் பார்த்தார், மறுபடி படித்தார். தண்ணியே இல்லாத இடம் நீர்நிலை என்றால், இவ்வளவு தண்ணி நிற்கிற இடம் என்னவாம் என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார். மாடியில் நிற்பது நீர்நிலை, அதன் அடியில் கட்டியிருக்கும் தாலுகா ஆபீஸ் ஆக்கிரமிப்பு, உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு அழகாக எழுதி, இருளப்பனிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி நம்பர் போடுகிற ஜன்னலில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.

நம்பர் விழுந்த மனுவுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சர்வேயர் சங்கிலியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், நனையாமல் நீந்தி அளந்து, மாடியை ஊருணி என்று பதிவேட்டில் ஏற்றினார். ஏற்றிய பிறகு நோட்டீஸ் கொடுக்காமல் எப்படி இருப்பது? தாசில்தார் குணாளன் தாசில்தார் குணாளனுக்கு இருபத்தோரு நாள் கெடு வைத்து நோட்டீஸ் எழுதி, தானே கொடுத்து, தானே வாங்கி, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு, தன் அறைக் கதவில் தானே ஒட்டினார். ஒட்டி முடித்ததும்தான் அதைப் படித்துப் பார்த்தார். போனில் யாரிடமோ பேசினார், இன்னொருவரிடம் பேசினார், பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து மாடியின் வகைப்பாட்டை மாற்றச் சொன்னார். அரசு இடம் என்று போட்டால் என்ன அரசு இடம் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அது காட்டியது நாலே நாலு: நஞ்சை, புஞ்சை, மயானம், நத்தம். நஞ்சை என்றால் நெல் கேட்பார்கள், புஞ்சை என்றால் கம்பு கேட்பார்கள், தலைக்கு மேலே மயானம் வேண்டாம் என்று கிளார்க்குகள் எல்லாரும் ஒருமுகமாகச் சொல்லிவிட்டார்கள். நத்தம் என்று அமுக்கினார்கள். ஆண்டவனே வந்தாலும் முடியாத காரியம் மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவில் முடிந்துபோனது.

இதைக் கேள்விப்பட்டு இருளப்பனுக்கு வந்த கோபம் அவன் ஆயுசில் வந்ததில்லை. நேரே உள்ளே போய், அப்ப எங்க தெருவையும் மாத்துங்க என்றான். அதே நேரம் தலைக்கு மேலே தளம் மடக்கென்று ஒரு சத்தம் போட்டது. தாசில்தாரின் மேஜைக்கு மேலே முடியளவு இருந்த விரிசல் விரலளவு ஆனது. கேடயத்தின் மேல் சுண்ணாம்பு உதிர்ந்தது. பதிவேட்டில் நத்தமானதால் தண்ணீருக்குக் கனம் குறைந்துவிடாது என்பது தாசில்தாருக்கு அப்போதுதான் உறைத்தது. மெதுவாக எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இருளப்பா, அந்தத் தண்ணிய இறக்கு. நீ வச்ச பைப்பு, ஒனக்குத் தெரியும். இறக்கிட்டியன்னா மறுநாளே ஒங்க தெருவ நத்தம்னு மாத்திக் கையெழுத்துப் போடறேன்."

"அதுக்குக் குழி தோண்டணும் ஐயா."

"குழி இருக்கே. இருபது வருசமா நீதான தூர்வாருற." தாசில்தார் இப்போது சிரிக்கவில்லை. "இருக்கற குழிக்கு இன்னொரு குழின்னு நான் எப்பிடி எழுதுவேன்? சனி ஞாயிறு ஆபீஸ் லீவு. நீ தூர்வாரு. எவ்வளவு ஆழமா வாரணுமோ வாரிக்க."

சனிக்கிழமை விடிந்ததும் ஊருணித்தெரு முழுவதும் கடப்பாரையோடு வந்து இறங்கியது. தொட்டியை உடைத்தபோது உள்ளே இருபது வருஷத்து இருட்டும் ஒரு செத்த பல்லியும்தான் இருந்தன. அந்த மண் சாமானியமாக அசையவில்லை, அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று ஆண்களும் பெண்களும் முறைபோட்டு அடித்தார்கள். பஞ்சவர்ணம் மண் சட்டி சுமந்துகொண்டே, இருபது வருஷம் வடை தின்ன பாவத்துக்கு இப்பக் குனிங்க, நல்லாக் குனிங்க என்று புருஷனைக் கேலி செய்தாள். இருளப்பன் குனிந்தான். மண்வெட்டியில் மண் ஒட்டியது. அதைப் பார்த்து அவனுக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதான். பத்தடி என்று எழுதியிருந்ததால் பத்தடி ஒரு அங்குலம் தோண்டினான். அடியில் கருங்கல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் செங்கல் துண்டு, அதன்மேல் சலித்த ஆற்றுமணல் என்று, மகளுக்குச் சீர் வரிசை வைப்பவன் போல ஒவ்வொன்றாக அடுக்கி, பைப்பின் முனையில் வளைவுக்குப் புது எல்போ மாட்டி, சல்லடை வைத்து, ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் மாடியைப் பார்த்துக் கும்பிட்டான். வந்திரு தாயி, எடம் இருக்கு என்றான்.

பைப்பு முதலில் முனகியது, பிறகு இரைந்தது, பிறகு இரண்டாள் உயர மழை, அது சுமந்த கெண்டைமீன் உட்பட, அதன் குறுகிய வாய் வழியாக இறங்கத் தொடங்கியது. சல்லடை எதையும் தடுக்கவில்லை, மீன்களும் நீரும் அந்த நேரத்தில் ஒன்றாகவே இருந்தன. ஊர் முழுக்க வந்து பைப்பில் காதை வைத்துக் கேட்டது. கடலை விற்றவர்கள் இனி எதைக் காட்டி விற்பது என்று கவலைப்பட்டார்கள். பொழுது சாயும்போது மாடி ஈரமில்லாமல் காய்ந்துவிட்டது, குழி அத்தனையையும் குடித்துவிட்டு ஏப்பம்கூட விடவில்லை. தாசில்தார் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டு எல்லாருக்கும் உளுந்துவடை வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் அந்த மழைக்கு ஒரே ஒரு குணம்தான் இருந்தது, எழுதியிருப்பதை நம்புவது. மண்ணுக்கடியில் போன பிறகும் அது அந்தக் குணத்தை விடவில்லை. இந்த ஊரில் தண்ணீர் நிற்க வேண்டிய இடம் எது என்று விசாரித்துக்கொண்டு, பதிவேட்டில் ஊருணி என்று இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை காலையில் பஞ்சவர்ணத்தின் அடுப்படித் தரை வேர்த்தது. கொஞ்ச நேரத்தில் சிமெண்ட் வெடித்து, கண்ணாடி போலத் தெளிந்த, குளிர்ந்த தண்ணீர் கொப்பளித்து வந்தது. எட்டு மணிக்குக் கணுக்கால், ஒன்பது மணிக்கு முழங்கால், பத்து மணிக்கு முப்பத்தோரு வீட்டின் ஜன்னல் வழியாகவும் கெண்டைமீன் உள்ளே போய் வெளியே வந்தது. ஜனங்கள் அரிசி மூட்டையையும் ஆட்டுக்குட்டியையும் ரேஷன் கார்டையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்தார்கள்.

இருளப்பன் நனைந்த வேட்டியோடு ஆபீஸுக்கு ஓடினான். ஊருணித்தெரு ஃபைல் தாசில்தாரின் மேஜையில் விரித்தபடி இருந்தது, பேனாவும் திறந்துதான் இருந்தது. தாசில்தாருக்கு விஷயம் அதற்குள் வந்துவிட்டிருந்தது. அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார், அதுதான் இருளப்பனுக்குத் தாங்கவில்லை.

"போடத்தான்யா பேனாவ எடுத்தேன். இப்ப நெசமாவே தண்ணி நிக்கிது. நிக்கிற தண்ணிய நத்தம்னு எழுதுனா என் வேலை போயிரும்." அவர் பேனாவை மூடினார். "இவ்வளவு நல்லா நீ தோண்டியிருக்க வேண்டாம்."

இருபது வருஷம் பொய்யாகக் குனிந்தபோது ஒரு கெடுதலும் வரவில்லை, இரண்டு நாள் நிஜமாகக் குனிந்ததில் வீடு போயிற்று. இருளப்பன் இதை வேப்பமரத்தடியில் நின்று, யாரிடம் என்றில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். ஊர்க்காரர்கள் ஊருணி நிறைந்துவிட்டது என்று குடத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைத்தது, அவனைப் பார்த்துக் கையெடுத்துக்கூடக் கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடு அவனுக்கு எரிந்தது.

பஞ்சவர்ணம் அழவில்லை. தலையில் அரிசிப்பானையோடு வந்தவள், பானையை இறக்காமலே ஹபீபுல்லாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இந்த ஊர்ல நத்தம்னு எழுதி, ஆளில்லாம சும்மாக் கெடக்கற எடம் எதுண்ணே என்றாள். ஹபீபுல்லா பையிலிருந்து ஒரு காகிதத்தை, அரசு முத்திரை குத்திய பதிவேட்டு நகலை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, அண்ணாந்து மாடியைப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்துக்கு உதவும் என்று போன வாரமே வாங்கி வைத்திருந்தாராம்.

ஆபீஸின் பக்கவாட்டுப் படியில் முதலில் பஞ்சவர்ணம் ஏறினாள், அவளுக்குப் பின்னால் ஆடு, ஆட்டுக்குப் பின்னால் முப்பத்தோரு குடும்பம். இத்தனை நாள் தண்ணீர் குடியிருந்த தரை வழுவழுவென்று சுத்தமாக இருந்தது. சேலையைக் கட்டி அறை தடுத்தார்கள், செங்கலை வைத்து அடுப்பு மூட்டினார்கள். கீழே கிளார்க்குகள் ஓடினார்கள், தாசில்தார் எழுந்தார், ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொண்டு வா என்றார். சர்வேயர் பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். நத்தத்தில் குடியிருப்பவர்களை எந்தச் சட்டத்தில் காலி செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. மறுபடியும் அதை நீர்நிலை என்று மாற்றலாம்தான், மாற்றினால் கீழே இருக்கிற ஆபீஸ் காலி. ஒரு வாரம் யோசித்துவிட்டு மேலே போய்க் கதவு நம்பர் எழுதிவிட்டு வந்தார்கள்.

இருளப்பன் கடைசியாக ஏறினான். அவன் வீடு முழுகிக் கிடந்த ஊருணி அங்கிருந்து பளபளவென்று தெரிந்தது, அவனுடைய ஓட்டுக்கூரையில் ஒரு கொக்கு நின்றது. வயிறெரிந்தது, அதே சமயத்தில் பார்க்க அழகாகவும் இருந்தது. இப்படி ஒரு வேலை செய்தோமே என்ற பெருமையும் வந்தது. மறுநாளே முப்பத்தோரு குடும்பத்துக்கும் தண்ணீர் பைப்பு இழுக்கிற வேலையை எடுத்துக்கொண்டான், ஒரு இணைப்பில்கூடச் சொட்டு ஒழுகவிடவில்லை.

பிறகு அவர்கள் மாவாட்டினார்கள், குழம்பு கூட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள், அது முடியாதபோது சண்டை போட்டார்கள். ஃபைல்களில் கருவாட்டு வாசம் ஏறியது. பழைய விரிசல் வழியாகப் பஞ்சவர்ணம் துணி அலசும் தண்ணீர் சரியாகத் தாசில்தாரின் மேஜைமேல் சொட்டியது. யாரிடம் புகார் சொல்வது? தாலுகா ஆபீஸில் வாய்வார்த்தையாக யார் புகார் சொன்னாலும் எடுத்துக்கொள்வதில்லை, எழுத்தில் வேண்டும், நம்பர் விழ வேண்டும் என்பது அவரே போட்ட விதி. தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, மனுநாள், வேப்பமரத்தடி வரிசையில் பென்ஷன் கிழவிகளுக்குப் பின்னால் தாசில்தார் குணாளன் நின்றார். மேலே இருளப்பன் கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவருடைய முறை வந்ததும் ஹபீபுல்லா தலையைத் தூக்காமல் புதுத் தாளை எடுத்து வைத்து, பெயர் கேட்டார், தகப்பனார் பெயர் கேட்டார், எல்லாரிடமும் கேட்கிற மாதிரியே மூன்றாவதையும் கேட்டார்.

"கீழ எத்தன வருசமா இருக்கீக? பட்டா வச்சிருக்கீகளா?"

தாசில்தார் சட்டைப்பையைத் தடவினார். இருளப்பன் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று இன்னும் கொஞ்சம் குனிந்து கேட்டான்.